தூணோடு ஒரு சங்கிலி

சயான் ஸ்டேஷன் மூன்றாம் பிளாட்பாரத்தில்
ஸ்ட்ரெச்சருக்குப் பூட்டு.
திருடிவிடுவார்களாம்.
யார், எதைச் சுமக்க என்று
நானும் கேட்டதில்லை.
இட்லிக் கூடையை அதன்மேல் சாய்த்துவிட்டு
ஐந்து ஐம்பத்திரண்டுக்காக நிற்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
வாசலில் தொங்கி வந்த பையன் விழுந்தான்.
சாவி ஒன்றாம் பிளாட்பாரத்தில்.
ஏறி இறங்க நூற்றுப் பதினாறு படி;
ஓடியவர் மொபைல் கவர் விற்கும் இர்ஷாத்,
திரும்புவதற்குள் இரண்டு வண்டி
நின்று போயிற்று.

இட்லி மூடிய துணியை உருவி
அவன் தொடையைச் சுற்றி இறுக்கினேன்.
கையில் சூடு.
இட்லியின் சூடா, அவனுடையதா
தெரியவில்லை.

பிழைத்தான் என்கிறார்கள்.
நாலாசோபாரா பையன் என்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.

மனு கொடுத்தோம்,
மராத்தியில் ஒன்று, இந்தியில் ஒன்று,
என் கைநாட்டு இரண்டிலும்.
பூட்டை எடுக்க விதியில்லையாம்.
ஆனால் இன்னொரு சாவி வந்தது.
ரேகேயின் வடாபாவ் கடையில்
எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்து ஆணியில்
எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்குகிறது.
கடை பதினொன்றுக்கு மூடும்.
அதற்கப்புறம் விழுகிறவனுக்கு
என்ன செய்வது என்று
ரேகேயிடம் கேட்டேன்.
வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம்
கூடையைத் தரையில் வைக்கிறேன்.