எட்டுக்கு எட்டு

ஓர் எழுத்துக்கு அறுபத்துநான்கு கட்டம்.
அவ்வளவுதான் இடம் என்கிறது
தொண்ணூறாம் ஆண்டுக் கார்ட்ரிட்ஜ்.
ஆங்கில எழுத்துகள் கைவீசி நடந்த அறை அது.
அதற்குள் நான் ‘ஞ’வைக் குந்தவைத்து,
‘ணை’யின் முழங்காலை மடக்கி,
‘ழ’வின் வாலை மூன்று புள்ளியாய் நறுக்கி
ஒவ்வொன்றாய் இருத்துகிறேன்.
‘ஔ’வை விட்டுவிட்டேன்.
விளக்கேந்திய அகழெலிக்கு ஔடதம் வேண்டுமென்றால்
மருந்து என்றே எழுதிக்கொள்ளலாம்.

வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காருக்கு வயர் மாட்டிச் சுவரில் செருகியிருக்கிறது,
சார்ஜில் போட்ட பொம்மைபோல.
கீழே பேஸ்மன்டில், துணிகாய்ச்சிக்குப் பக்கத்தில்,
என் இருநூற்றுப் பதினேழு ஆட்டங்கள்.
பாதிக்குப் பெட்டியில்லை.
ஒன்றில் யாரோ கடித்த பல்லடையாளம்.
“இதெல்லாத்தையும் வித்தா ஒரு சோபா வாங்கலாம்”
என்றார் மதனராசா.
சோபாவில் எத்தனை லெவல் என்று கேட்டேன்.

இதை ஆகஸ்டில் வாங்கினேன்,
சார்ஜென்ட் அவெனியூ அருகே ஒரு கராஜ் சேலில்.
தபால்பெட்டியில் கோவல்ச்சுக் என்றிருந்தது.
ஐந்து டொலர்.
ஒற்றைப் பனிச்சறுக்குச் சப்பாத்தையும்
என் தலையில் கட்டப் பார்த்தார் மனிதர்.
வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால்
உள்ளே ஆள் இருந்தது.

ரஸ்.
ஏழாம் சுரங்கம். இரண்டு உயிர். நாற்பத்தொரு விளக்கு.
மற்ற இரு இடமும் காலி.

கார்ட்ரிட்ஜின் வயிற்றில் நாணயமளவு பற்றரி ஒன்றுண்டு.
ஞாபகம் முழுக்க அதன் பொறுப்பு.
முப்பது வருடம், ஏதோ ஒரு லாச்சிக்குள்,
ரஸ்ஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கிறது.
மீட்டரை வைத்தேன்: இரண்டு புள்ளி ஒன்று வோல்ட்.
கை கடுக்கிறது என்று சொல்லும் எண்.

மாற்றாவிட்டால் போகும். மாற்றினாலும் போகும்.
புதியதைப் பக்கத்தில் முட்டுக்கொடுத்துப் பற்றவைத்து
பழையதை நைசாய் எடுக்க ஒரு வழி இருக்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.
மேலே மதனராசா கதவைச் சாத்தினார்.
ஈயத்துளி ஒரு மயிரிழை நகர்ந்தது.

முதல் இடம்: காலி.

கோவல்ச்சுக்கிடம் போய் யார் ரஸ் என்று கேட்டிருக்கலாம்.
மகன் என்றால் என்ன சொல்வேன்?
பக்கத்து வீட்டுப் பையன் என்றால்தான் என்ன சொல்வேன்?
போகவில்லை.

பதிலுக்கு ஒரு கிழமை கடுதாசியில் கைவைத்தேன்.
ஏழாம் சுரங்கத்தின் வாசலை
ஆட்டத்திலிருந்து உரித்தெடுத்து, தட்டையாய் விரித்து,
பதினாறு தாளில் அச்சடித்து,
முழுக்கோட்டில் மலைமடிப்பு, புள்ளிக்கோட்டில் பள்ளமடிப்பு,
ஒட்டுவதற்கு நூற்றுநான்கு காதுகள்,
ஒவ்வொரு காதுக்கும் பல்குத்தும் குச்சியால் பசை.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.
விளையாடிப் போய் அந்த வாசலை நான் பார்த்ததில்லை.
கோப்பின் குடலை உருவத் தெரிந்தவளுக்கு
மூன்றாம் சுரங்கம் தாண்டத் தெரியாது.
ரஸ் பார்த்திருக்கிறான்.

எழுத்துகள் முடிந்த இரவு
புதிய சிப்பில் ஆட்டத்தை ஏற்றி
முதல் இடத்தில் அவன் பெயரை அடித்தேன்.
திரையில் வந்தது: ரஸ.

புள்ளியைக் காணவில்லை.
‘ஸ’ எட்டு வரிசையையும் தின்றுவிட்டது,
தலைக்கு மேல் நிற்க இடமில்லை.
புள்ளி விழுந்தால் மெய்யில் ஓர் அகரம் ஏறிவிடும்,
இரண்டாம் வகுப்புப் பாடம்.
ஆக ஓர் உயிர் கூட.
ஆட்டம் தருகிற மூன்றோடு.

திருத்தப் போனேன். திருத்தவில்லை.

அகழெலி விளக்கோடு இறங்கியது.
முதல் வௌவாலிடமே ஒன்று போச்சு.
(வௌவாலை வவ்வால் என்று மாற்றியிருந்தேன்,
கடி ஒன்றுதான்.)
அடுத்ததை நானே குழியில் தள்ளினேன்.
துணிகாய்ச்சி மணியடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை.
பசை காய்ந்த பெருவிரல் பொத்தானில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.
மூன்றாம் சுரங்கம், ஒரு விளக்கு, ஓர் உயிர்.

சேமிக்கவா? என்று கேட்கிறது திரை
என் கோணல் எழுத்தில்,
‘சே’யின் கொம்பு சுவரில் இடிக்க.
கீழே, ஆம்.
‘ம’ குட்டை எழுத்து.
அதன் தலையில் புள்ளி ஒழுங்காய்த்தான் விழுந்திருக்கிறது.