ஏழாவது மாடு

சுன்னாகத்துச் சங்கப் பெடியன் துவாரகன்
கொட்டில் வளையில் கமராவை இறுக்கிவிட்டுப் போன மத்தியானம்
கறுப்பி மட்டும் நிமிர்ந்து பார்த்தது.
பிறகு அதுவும் வைக்கலுக்குக் குனிந்துவிட்டது.

எனக்குத்தான் பழக நாளெடுத்தது.
உயரத்தில் ஒரு கண் இருந்தால்
பிடரி தானாகக் கூசும்.
ஏழாலைச் சந்தியில் மண்மூட்டை அடுக்கியிருந்த காலம்
சைக்கிளால் இறங்கி உருட்டிப் பழகின கால்கள்.
கொட்டிலுக்குள்ளும் முதல் கிழமை
இறங்கித்தான் நடந்தேன்.

இப்ப போனுக்குள் ஆறு பச்சைப் பெட்டிகள்.
எது எத்தனை மணிக்குப் படுத்தது,
எவ்வளவு நேரம் அசைபோட்டது,
தொட்டியடிக்கு எத்தனை தரம் போனது.
மாசியில் ஒரு சாமம்
‘மாடு 4 அமைதியில்லை’ என்று போன் துடிக்க
ஓடிப்போய்ப் பார்த்தால்
புள்ளிச்சி நாம்பன் தேடிக் கத்துறாள்.
அந்த இரவு தவறினால் இன்னும் இருபத்தொரு நாள்.
விடிய ஊசிக்காரர் வந்தார்.
இப்ப ஆறு மாதச் சினை.

பிழையும் விடும்.
போன வெள்ளி வந்த கணக்கில்
பெட்டிகள் ஏழு.

மாடு 7.
நாலு பத்துக்கு எழும்பியது.
கண்ட நேரமெல்லாம் நின்றபடி.
தண்ணி, ஒரு தரம்.
தீவனம், போதாது.
படுக்கை, பதிவில்லை.
இரவு இரண்டு நாற்பதுக்கு
மாடு 4 இன் வயிற்றோடு ஒட்டி
இருபது நிமிடம் அசையவில்லை.
மிருக வைத்தியரிடம் காட்டவும்.

படத்தைத் தட்டினேன்.
சாம்பல் வெளிச்சத்தில் என் பழைய சோட்டி,
தலையில் துவாய்,
சாணி வாளியோடு குனிந்தபடி
பச்சைக் கோட்டுக்குள் நான்.

துவாரகனுக்கு எடுத்தால் சிரிக்கிறான்.
“குனிஞ்சபடி நிண்டா அது மாடெண்டுதான் எண்ணும், மங்கை அக்கா.
சனிக்கிழமை வந்து அழிச்சுவிடுறன்.”

அழிக்கலாம்.
நான் எத்தனை தரம் தண்ணி குடிக்கிறேன் என்று
என்ரை மனிசன்கூட எண்ணினதில்லை.
அவர் குடிச்சதை, பாவம், நானும்தான்.

சனிக்கு இன்னும் மூன்று நாள் கிடக்கு.
வாளியை வைத்துவிட்டு
கமராவுக்கு நேரே போய் நின்று
ஒரு செம்பு தண்ணி
அண்ணாந்து குடித்தேன்.

கறுப்பி பார்த்தது.
மடிக்குள் போன் துடித்தது:
மாடு 7. தண்ணி, இரண்டு.