இடைவெளியும் சேர்த்து

நாலாயிரம் எழுத்து,
இடைவெளியும் சேர்த்து
என்றது விண்ணப்பம்.
கடைசி இரவில் என்னிடம்
முந்நூற்றுப் பன்னிரண்டு கூட இருந்தது.
"சிறுவயதிலிருந்தே நாடகத்தில் தீராத ஆர்வம்"
என்ற வரியை முதலில் வெட்டினேன்.
பொய் அது.
சிறுவயதில் எனக்குத் தீராத ஆர்வம்
சுவரிலிருந்த சுவிட்சில்தான்.

அம்மாவுக்கு மூன்று தரம் விளங்கப்படுத்தினேன்.
நடிக்க இல்லை, ஆட இல்லை,
கறுப்பு உடுப்போடு ஓரத்தில் நின்று
யார் எப்போது உள்ளே வருவது
எந்த வெளிச்சம் எப்போது அணைவது
என்று சொல்லுகிற வேலை.
"அதைத்தானே இந்த வீட்டில நான்
இருபத்திரண்டு வருசமாச் செய்யிறன்,
ஆர் எனக்கு டிகிரி தந்தது?"
என்றுவிட்டு
வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

விடிய நாலு மணிக்கு அப்பாவின் வான்
மிச்சத்திலிருந்து வெளிக்கிட்டது.
மிச்சம் ஊர்ப் பெயர்தான்.
லண்டனை எல்லாருக்கும் பங்கிட்ட பிறகு
எங்களுக்கு வந்தது.
பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள், புகை மெஷின்,
ஞாயிறு பிறந்தநாள் விழாவொன்றுக்கான
தங்கநிறச் சிம்மாசனம்.
லீட்ஸ் வரைக்கும் அது
ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை முனகியது.

காத்திருந்த அறையில்
மற்றப் பிள்ளைகளின் மடியில்
தீப்பெட்டி அளவில் மாளிகைகள்,
நகம் அளவில் நாற்காலிகள்.
என் மடியில் ஒரு நீலக் கோப்பு.
உள்ளே வடை எண்ணெய் ஊறிய நாலு தாள்.

மோய்ரா என்ற பெண் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.
சப்பாத்தில் காய்ந்த வெள்ளைப் பெயின்ற்.
"இது என்ன நாடகம்?"
சாமத்திய வீட்டை எந்தச் சொல்லால் சொல்வது?
"ஒரு பிள்ளை பெரியவளானதை
நானூற்றைம்பது பேருக்கு அறிவிக்கிற நாடகம்."
"கதாநாயகிக்கு இதில் விருப்பமா?"
"அதுதான் நாடகம்."

கியூ பதினாலு, பல்லக்கு உள்ளே, புகை.
கியூ பதினைந்து, இளஞ்சிவப்பு, மெதுவாக.
கியூ பதினாறு, மாமன்மார், மாலை.
மோய்ராவின் விரல் பதினேழில் நின்றது.
அதற்கு நேரே நான் எழுதியிருந்தது
இருட்டு.

திட்டமிட்டதல்ல.
வசந்தமலர் அன்ரி இரண்டாவது வடைச்சட்டியை
மேடைக்குரிய அதே பிளக்கில் செருகினார்.
மண்டபம் முழுக்கப் போனது.
வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகை மட்டும்
எரிந்துகொண்டிருந்தது.
அந்தப் பச்சையில் கவிஷ்னாவைக் கண்டேன்.
காலையிலிருந்து பிடித்திருந்த சிரிப்பை
முகத்திலிருந்து இறக்கி வைத்தாள்.
தாடையைத் தடவினாள்.
செருப்பை உதறினாள்.
தலையைப் பின்னால் சாய்த்து
வாயைப் பிளந்து
ஒரு கொட்டாவி.

"எத்தனை விநாடி?"
"பதினொன்று.
ஆறாவதிலேயே சரியாக்கிவிட்டேன்.
மிச்சம் ஐந்தும் என்னுடையது."

மோய்ரா சிரிக்கவில்லை.
"நானூற்றைம்பது பேரை
வேண்டுமென்றே இருட்டில் வைத்தால்
என் அரங்கில் வேலை போய்விடும்" என்றாள்.
பிறகு எதையோ எழுதினாள்,
நீளமாக,
பக்கத்தைத் திருப்பியும் எழுதினாள்.
தலைகீழாக வாசிக்க எனக்கு வராது.

வானின் உயரத்தை எந்தத் தரிப்பிடமும் ஏற்காமல்
அப்பா ஆற்றோரத் தெருவில்
மீற்றருக்குக் காசு போட்டபடி நின்றார்.
"என்ன கேட்டவை?"
"கவிஷ்னா வீட்டு இருட்டைப் பற்றி."

சாவியைத் திருப்பியவர் எஞ்சினை எழுப்பவில்லை.
"அண்டைக்கு இரவே தேப்பன்காரன் போன் எடுத்தவன்.
லைற் நிண்டதுக்குக் காசு குறைக்கட்டாம்."
"குறைச்சியளோ?"
"இருட்டுக்கு நாங்கள்
காசு எடுக்கிறேல்ல எண்டு சொன்னன்."

தெருமுனை திரும்பினோம்.
பின்னால் சிம்மாசனம் முனகியது.