இரண்டாம் கியர்

ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய்
குன்னூர் ஆஸ்பத்திரி மாடியில் நாற்பது நிமிடம்
ஜெசிந்தா மேடம் என்னைக் கேட்கிறார்.
நாற்பத்தொன்றாம் நிமிடம் வாசலில்
அடுத்த ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அதற்கப்புறம் நான், வண்டி, கேரட்.
கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை கட்டி
இரவு ஒரு மணிக்கு ஏற்றினால்
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டி.
நடுவில் பதினான்கு கொண்டை ஊசி.

கோபம் வந்தால் கையில் ஐஸ் கட்டியைப் பிடியுங்கள் என்றார்.
மேடத்துக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம்.
ஜனவரியில் எங்கள் பக்கம்
கதவுப் பிடியைத் தொட்டாலே விரல் ஒட்டும்.
கண்ணாடியின் உறைபனியை
ரேஷன் கார்டின் ஓரத்தால் சுரண்டுகிறேன்.
சுரண்டும்போதும் கோபம் இருக்கத்தான் இருக்கிறது,
கூடவே குளிரும்.

கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லுங்கள் என்றார்.
காட்டேரியில் மூடுபனி இறங்கியிருந்தது.
ஒன்று, மூடுபனி.
இரண்டு, அதற்குள் என் ஹெட்லைட்.
மூன்றாவதைத் தேடிக் கண்ணை இடுக்கியபோது
சாலையை முழுசாய் மறித்து ஒரு காட்டெருமை.
என்னை எதில் சேர்ப்பாய் என்பதுபோல் பார்த்தது.
சிரித்துவிட்டேன்.
கிளீனர் ஹாலன் விழித்துக்கொண்டு, என்னண்ணே, என்றான்.
நாலாவது நீ, என்றேன்.

எல்லா இரவும் காட்டெருமை வராது.

கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவு.
அங்கேதான் எப்போதும் அந்த டப்பா திறக்கும்,
மிதுலாவின் ஜாமெட்ரி டப்பா.
சுவரில் பட்டுக் கவராயம் ஒரு பக்கம்,
பாதி பென்சில் ஒரு பக்கம்.
எறிந்தது நான்.
பிள்ளை அழவில்லை. குனிந்து
பொறுக்கிக்கொண்டே இருந்தது,
ஒன்றையும் விடாமல், என்னைப் பார்க்காமல்.
எதற்கு எறிந்தேன்?
கரண்ட் பில்லோ, கிலோ பன்னிரண்டுக்குப் போன கேரட்டோ.
வீட்டில் சத்தம் போட்டேன் என்று மட்டும்தான்
மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால்
லைனர் கருகும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது.
இது யாரும் சொல்லித் தந்ததில்லை,
இருபது வருஷமாய்க் காலுக்குத் தெரியும்.
இரண்டில் போட்டு
இன்ஜின் உறுமினால் உறுமட்டும் என்று விட வேண்டும்.
நிற்காது. ஓடியும் விடாது.

நேற்று டப்பா திறந்தது. மூடப் பார்க்கவில்லை.
எட்டு, ஏழு என்று திரும்பத் திரும்ப
கவராயம் உருளும் சத்தம் கூடவே வந்தது.
பர்லியாறில் டீ.
கை நடுங்கியதை டம்ளர் காட்டிக்கொடுத்தது.
எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
ஒன்பதாவது வளைவு, பத்துக்கு ஏழு.
இங்கே, ஐந்து.

மண்டிக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
இந்த ஏழு மூட்டை எந்தக் கணக்குப்பா?
அது என் கணக்குங்க,
குத்தூசியில் ஏறுமுன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்.

ஏற்றத்தில் வண்டி காலி.
மிதுலா பள்ளிக்குக் கிளம்புமுன் போய்விடலாம்,
முன்னால் பஸ் எதுவும் மாட்டாமல் இருந்தால்.