எழுத்துக்கு ஏழு ரூபாய்

ஜெகதேவி ரோட்டுப் பட்டறைக்கு
வெளிநாட்டு ஆர்டர்: போர் நினைவுக் கல்.
கறுப்பு, ஒன்பதடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்கள்.
பேர், பதவி, பிறந்த நாள், இறந்த நாள்.
ஒரு புள்ளி விட்டாலும்
கல் திரும்பி வந்துவிடும் என்றார் மேனேஜர்.

எழுத்துக்கு ஏழு ரூபாய் எனக்கு.
நீளப் பேர்க்காரன் வந்தால்
உள்ளுக்குள் சின்னச் சந்தோஷம்,
உடனே அவனிடம் ஒரு மன்னிப்பு.

கடைசி வரி அடியில், பொடி எழுத்தில்:
பொதுமக்கள், சுமார் நாலாயிரம்.

பாலிஷ் மிஷினை நிறுத்திவிட்டு
முனிலட்சுமி கேட்டாள்:
"அந்தச் சுமாருல
ஐந்நூறு கூடுமா, கொறையுமா?"

போன வருசம்
பைபாசுக்கு எங்கள் மாந்தோப்பை எடுத்தபோது
மரத்துக்கு மரம் நம்பர் போட்டார்கள்,
பட்டுப்போனதற்கும் சேர்த்து.

அவர்கள் மொழியில் அந்த வரி இருபத்தாறு எழுத்து.
நூற்றி எண்பத்திரண்டு ரூபாய்.
தலைக்கு அஞ்சு பைசா தேறவில்லை.

கல்லின் பின்பக்கத்துக்குப் பாலிஷ் கிடையாது,
சுவரோடு ஒட்டிவிடும்.
சாப்பாட்டு நேரத்தில் சிற்றுளி எடுத்து
அங்கே புள்ளி வைக்க உட்கார்ந்தேன்,
ஆளுக்கு ஒன்று.

அறுபத்தி மூன்றோ, நாலோ.
லாரி வந்துவிட்டது.