பூஜ்யம், கூட்டல் கழித்தல் முப்பது

பஸ்துகோவ் மலையில் செப்டம்பர்.
கடன் கேட்க வந்த உறவினரைப் போல
மாலை முழுக்கத் தெற்குச் சரிவில் உட்கார்ந்திருந்த மேகம்
ஒன்பதரைக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிற்று.

ஜஷார்பெக் கூரையைத் திறக்கிறார்.
அறுநூறு டன்னுக்கு மேல் இரும்பு
எண்ணெய்ப் படலத்தில் மிதந்து திரும்புகிறது.
என் கோப்பையில் தேநீர் அசையவில்லை.

இன்றைக்கு முதலில்
குட்டிக்குதிரை மண்டலத்து நட்சத்திரம்.
தேடினால் வெறும் கண்ணுக்கே தெரியும்.
யாரும் தேடுவதில்லை.

தன்னைத்தானே ஒருமுறை சுற்ற
அதற்கு நூறு வருடம் ஆகிறது,
கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம்.
முழுச் சுற்றை இதுவரை யாரும் பார்த்து முடிக்கவில்லை.

வரைபடத்தின் முதல் புள்ளி நாற்பத்தாறாம் வருடத்தினுடையது.
கடலுக்கு அந்தப் பக்கம், கலிஃபோர்னியாவில்,
கண்ணாடித் தட்டில் பதித்தது.
எழுபதுகளில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது.
தொண்ணூறுகளில் அடிமட்டம்.
எங்களுக்குச் சம்பளம் வராத வருடங்கள்.
அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் பிழைக்கோடுகள் நீளம்.
பிறகு ஏறத் தொடங்குகிறது,
முழங்காலில் கைவைத்துப் படியேறுகிறவளைப் போல.

என் புள்ளிகள் பதினேழு.
முதல் மூன்றை வைத்தபோது
கீழே குடியிருப்பில் ஒருவர் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார்.

"எப்படி அளக்கிறீர்கள், க்லாஃபிரா யெகோரொவ்னா?"
என்று ஜஷார்பெக் ஒரு பனிக்காலத்தில் கேட்டார்.
ஒளியை இரண்டாகப் பிரிப்போம் என்றேன்.
இடஞ்சுழியாய் வந்தது மேலே,
வலஞ்சுழியாய் வந்தது கீழே.
குரோமியத்தின் கறுப்புக் கோடு
இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்காது.
மயிரிழையில் நூறில் ஒரு பங்கு தள்ளி நிற்கும்.
அந்தத் தள்ளல்தான் காந்தம்.
அவர் சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி யோசித்தார்.
"அப்பா செத்த கதையை
நானும் அண்ணனும் சொல்வது மாதிரி."

இன்றும் படம் விழக் காத்திருக்கும் நேரத்தில்
வரைபடத்தில் விரல் வைக்கிறார்.
நாற்பத்தாறு.
"அம்மாவுக்கு ஒன்பது வயது. கசாக் புல்வெளி.
சரக்கு ரயில் இறக்கிவிட்டுப் போன இடம்."
விரல் நகர்கிறது. ஐம்பத்தேழு.
"திரும்பினோம்."
அப்போது அவர் பிறந்திருக்கவே இல்லை.
இருந்தாலும் திரும்பினோம் என்றுதான் சொல்கிறார்.

இரண்டுக்கும் நடுவே
அவருடைய கட்டைவிரல் அகலம்.
நட்சத்திரத்துக்கு அது முற்பகலில் ஒரு துண்டு.
அதற்குள் எத்தனை குழந்தைகளைப் புதைத்தார்கள் என்று
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
காந்தம் தன் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நள்ளிரவுக்குமேல் எண் வருகிறது.
கழித்தல் பன்னிரண்டு காஸ்.
பிழை, கூட்டல் கழித்தல் முப்பது.
அதாவது பூஜ்யம்.

"தீர்ந்துபோயிற்றா?"

இல்லை. அங்கே ஒன்றும் குறையவில்லை.
நட்சத்திரம் பக்கவாட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.
வடதுருவம் எவ்வளவு தெரிகிறதோ
தென்துருவமும் அவ்வளவு தெரிகிறது.
ஒன்றை ஒன்று கழித்துவிடுகின்றன,
இங்கிருந்து பார்க்கிற நமக்கு.

ஸ்தாவ்ரபோலிலிருந்து
வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசி வரும்.
எப்படி இருக்கிறாய் என்பார்.
ஒன்றுமில்லை என்பேன்.
அந்த ஒன்றுமில்லைக்கும்
ஒரு பிழைக்கோடு போட்டிருக்கலாம்.

ஜஷார்பெக் செய்தித்தாளைப் பிரிக்கிறார்,
உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த ஹிச்சின்,
நடுவில் இன்னும் சூடு.
என் பங்கு பெரியது. எப்போதும் அப்படித்தான் பிய்ப்பார்.

பதினெட்டாவது புள்ளியை வைக்கிறேன்.
கோட்டின் மேலேயே விழுகிறது,
புள்ளியா கோடா என்று தெரியாதபடி.
சுற்று முடிய இன்னும் இருபது வருடமாவது ஆகும்.
அப்போது இந்த நாற்காலியில் இருக்கிறவருக்கு
இதன் கால் ஆடும் என்று எழுதிவைக்க வேண்டும்.

"அடுத்தது?"
மூன்றே நாளில் சுற்றிவிடுகிற ஒன்று.
"அவசரக்காரி" என்று சொல்லிவிட்டு
கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டு
அறுநூறு டன்னைத் திருப்புகிறார்.