நாலு மணி

இங்கு அந்நியக் குளிர்பானம் விற்பதில்லை என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்ட அன்று
தேவகோட்டை ரஸ்தா கடைக்காரர்கள் மூன்று பேர்
தேடிவந்து கைகுலுக்கினார்கள்.
காலிப் பெட்டிக்கான முன்பணம் ஆயிரத்து நானூறை
ஏஜெண்ட் எட்டு மாதமாய் இழுத்தடிப்பதை
நான் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜும் கம்பெனி கொடுத்ததுதான்.
சிவப்பு எழுத்தின்மேல் நாளிதழ் ஒட்டினேன்.
ஈரக்காற்றுக்குப் பசை விடும்,
மறுபடி ஒட்டுவேன்.

உமையாள் டீச்சர் அட்டையைப் படமெடுத்து
ஊருக்கெல்லாம் அனுப்பினார்.
சர்க்கரை இருநூற்றெண்பது.
டாக்டர் நிறுத்தச் சொல்லி ரெண்டு வருஷமாகிறது.

சங்கச் செயலாளர் சாத்தையா
மகள் நிச்சயத்துக்கு மட்டும் என்று
பின்வாசலில் ரெண்டு பெட்டி கேட்டார்.
பழைய சரக்கு இருந்தது. கொடுத்தேன்.
பில் போடவில்லை.

லேத் பட்டறைப் பையன் சேவுகன்
தினம் ஒன்று குடிப்பவன்,
கடைசிச் சொட்டுக்குப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடிப்பவன்.
இப்போதும் நாலு மணிக்கு வருகிறான்.
கோஷம் போட்டு நான் பார்த்ததில்லை.
பானைத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு
அந்த நாளிதழையே கொஞ்சநேரம்
படிப்பதுபோல் நிற்கிறான்.

காலையில் ஏஜெண்ட் வந்து
பாக்கியை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.
அட்டையைக் கழற்ற ஸ்டூலில் ஏறியிருக்கிறேன்.
மணி நாலாகப் போகிறது.